வெறுங்காம்பு பட்ட துளை

அந்தக் காலத்தில் உடம்புக்குள் குடியிருக்கும் செல்களுக்கும் வாய் இருந்தது. பேசிக்கொண்டார்கள், சண்டை போட்டார்கள், பக்கத்து வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்தார்கள்.

தேன் எடுக்கும் ஒருவனின் குதிகால் தோலில் வேலாயி என்ற செல் இருந்தாள். சுவரை ஒட்டி அவள் தங்கை நாச்சி. எல்லா வீட்டிலும் சாப்பாடு ஒன்றுதான், மூன்று மணி பிடித்த கதிர். ஒரு மணியைக் கிள்ளினால் சூடு வரும், வேலை நடக்கும். எல்லா மணியும் போனால் மிஞ்சுவது வெறுங்காம்பு. அதற்கு அடினோசின் என்று பேர். காற்று வந்தால் காம்பில் திரும்ப மணி கட்டிக்கொள்ளலாம். கட்ட வழியில்லாதவர்கள் அதைப் பின்கட்டில் ஒளித்துவைப்பார்கள். வாசலில் காம்பு கிடந்தால் அந்த வீடு பட்டினி என்று தெரிந்துவிடும். செத்தாலும் சாவார்களே தவிர, காம்பை வெளியே போடமாட்டார்கள்.

ஊருக்குக் காவல் வெள்ளணுப் படை. தலைவன் பெயர் காரி. கிருமி நுழைந்தால் காரியின் ஆட்கள் வந்து குடம் குடமாக அமிலத்தை ஊற்றிக் கொல்வார்கள். முன்பு ஒரு தடவை கிருமிகள் ஊர்க்காரர் குரலில் “போதும், போதும்” என்று கத்தியிருக்கின்றன. படையும் நம்பி நிறுத்திவிட்டது. தேன் எடுப்பவனுக்கு ஒரு விரலே போயிற்று. அதிலிருந்து, போதும் என்று சொல்கிறவன் கிருமிதான், அவன் மேலும் ஊற்று என்பது சட்டம். முட்டாள்தனமான சட்டம். ஆனால் ஒரு விரலைப் பறிகொடுத்தவர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்?

ஒருநாள் அந்தக் குதிகாலில் கருவேல முள் ஏறியது. கூடவே கிருமியும். படை வந்தது, ஊற்றியது. கிருமி முழுக்கச் செத்தது. அதோடு போயிருக்கலாம். போகவில்லை. அமிலம் பட்டுப் பக்கத்து வீடுகள் வெடித்தன. வெடிக்கிற சத்தமெல்லாம் கிருமியின் வேலை என்று நினைத்து இன்னும் ஊற்றினார்கள். கால் வீங்கியது. வீக்கம் ரத்தக் குழாயை நெரித்தது. காற்று வரவில்லை, வீட்டுக்கு வீடு மணி தீர்ந்துகொண்டே வந்தது. அப்போதும் காம்புகள் பின்கட்டில்தான் குவிந்தன.

அமிலம் நாச்சியின் சுவருக்கு வந்துவிட்டது. நாச்சி அந்த நேரம் பார்த்து இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தாள். பிரிய ஆரம்பித்த செல்லை நிறுத்தவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. அக்கம்பக்கத்தார் வேலாயியைக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள். அவள் நேரே காரியிடம் போனாள்.

“அண்ணே, கிருமி செத்துப்போச்சு. இப்ப நீங்க எரிக்கிறது எங்க வீட்ட.”

“போதும்னு சொல்ல வர்றியா?”

“அந்த வார்த்தைய நான் சொல்லல.”

“சொன்ன மாதிரிதான் இருக்கு. உள்ள போ தாயி. அடுத்த குடம் உனக்குன்னு ஆயிரும்.”

வேலாயி உள்ளே போனாள். தன்னிடம் மீதியிருந்த கதிரையெல்லாம் அள்ளி வந்து தெருவில் வீசினாள். கிருமி தன் சாப்பாட்டை வீசாது, ஊர்க்காரிதான் என்று நம்புவார்கள் என்பது அவள் கணக்கு. தப்புக் கணக்கு. முழுக்கதிர் தெருவில் கிடந்தால் படைக்கு ஒரே அர்த்தம்தான், எவனோ வீட்டை உடைத்திருக்கிறான். அவர்களுக்கு வெறி ஏறியது. மிதித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். மிதிபட்ட கதிர்களில் மணி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. கடைசியில் தெரு நிறைய வெறுங்காம்பு.

ஊரே பார்த்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காரி நாச்சியின் சுவருக்கு மேலே குடத்தைத் தூக்கினான். வேலாயி குனிந்து ஒரு காம்பை எடுத்து அவன் நெஞ்சில் குத்தினாள்.

அவன் கை அந்தரத்தில் நின்றது. குத்திய இடத்திலிருந்து ஒரு குளிர்ச்சி உடம்பெல்லாம் பரவியது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் சுற்றிலும் பார்த்தான். கிருமி ஒன்றுகூட இல்லை. கிடந்ததெல்லாம் ஊர்க்காரர்கள்.

“இவ்வளவு பட்டினியா கிடந்தீங்க? காம்ப மொதல்லயே வெளிய போட்டிருந்தா என்ன?”

“வெக்கமா இருந்துச்சு” என்றாள் வேலாயி. “வாயால சொன்னா எரிப்பீங்க. வேற எப்படிச் சொல்ல?”

காரி குடத்தைக் கீழே வைத்தான். வேலாயியின் அடுப்பில் கிள்ள ஒரு மணிகூட மிச்சமில்லை. வாசலிலேயே அடங்கிப்போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் நாச்சி பிரிந்து முடித்து இரண்டு பேராக நின்றாள்.

காரி காம்பைப் பிடுங்கினான். துளை மூடவில்லை. இனி காம்பு குத்தினால் கை நிற்கும்படி, படையில் எல்லோரும் அதே இடத்தில் அதே அளவுக்குத் துளை போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டான். கிருமியும் ஒருநாள் காம்பு கொண்டுவந்து குத்தினால் என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான்.

“குத்துவான். ஏமாறுவோம்” என்றான் காரி. “அதுக்காக ஊர எரிச்சிட்டு இருக்க முடியாது.”

அவன் சொன்னது நடந்தது. புற்றுக்கட்டிகள் இன்று தங்களைச் சுற்றி வெறுங்காம்பைக் குவித்துப் படையைத் தூங்கவைக்கின்றன. ஆனாலும் வெள்ளணுக்கள் துளையை அடைக்கவில்லை. படித்தவர்கள் அதை ஏற்பி என்கிறார்கள்.

முள் குத்திய கால் சிவந்து வீங்கி, பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடுவது அன்று முதல்தான். உள்ளே யாரோ ஒருத்தி வெட்கத்தை விட்டுக் காம்பை வாசலில் போட்டிருக்கிறாள்.