சுரங்கச் சரிவில் முளைத்த புல்

ஒரு காட்டின் ஓரத்திலே, மலையடிவாரத்தில், பழைய ஈயச் சுரங்கம் ஒன்று இருந்தது, குழந்தைகளே. ஈயத்தை எடுத்துக்கொண்ட மனிதர்கள் கழிவு மண்ணை அங்கேயே குன்றாகக் குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்யும்போதெல்லாம் அந்த மண் கரைந்து சரிவெங்கும் இறங்கியது.

அந்தச் சரிவில்தான் மருதி என்ற முயல் தன் ஒரே குட்டியோடு குடிவந்தது. கோடை முழுவதும் குட்டிக்கு வயிறாரப் புல் கிடைக்காமல் அலைந்த முயல் அது. இங்கோ புல் பச்சைப்பசேல் என்று நின்றது. மான்கள் மேய வரவில்லை. நரிகூட எட்டிப் பார்க்கவில்லை. அத்தனையும் தன் குட்டிக்குத்தான் என்று மருதி பூரித்துப் போயிற்று.

ஒருநாள் காட்டுக்கோழி ஒன்று அங்கே வந்து மண்ணைக் கிளறியது. ஒரு புழுகூட அகப்படவில்லை. தள்ளிப் போய்க் கிளறியது, அங்கும் இல்லை. அது மருதியிடம் வந்து, இந்த மண்ணில் ஏதோ கெடுதல் இருக்கிறது, குட்டியோடு ஓடைக்கு அக்கரையில் இருக்கும் என் புதருக்கு வந்துவிடு என்று சொன்னது.

தன்னைக் கிளப்பிவிட்டுப் புல்லை எடுத்துக்கொள்ளத்தான் கோழி இப்படிப் பேசுகிறது என்று மருதி நினைத்தது.

"புழு இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம், அக்கா. எங்களுக்குப் புல் போதும்" என்றது. கோழி ஓடையைத் தாண்டித் தன் புதருக்குத் திரும்பிவிட்டது.

மழைக்காலம் முடிவதற்குள் குட்டி மெலிந்துவிட்டது. வயிற்றுவலியில் சுருண்டு படுத்தது. எழுந்தால் பின்னங்கால்கள் நடுங்கின. நன்றாகத் தின்றால் தெம்பு வந்துவிடும் என்று மருதி இளம்புல்லாகப் பார்த்துப் பறித்து ஊட்டியது. அம்மா மனம் நோகக் கூடாதே என்று குட்டியும் மெல்ல மென்று விழுங்கியது.

ஒரு காலையில் குட்டி, "அம்மா, எனக்கு இந்தப் புல் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே" என்றது.

முதல்முறையாக மருதி தன் கால்களால் அந்த மண்ணைத் தோண்டிப் பார்த்தது. புழு இல்லை, வண்டு இல்லை, ஓர் எறும்புகூட இல்லை. உடனே குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு ஓடையைக் கடந்து ஓடியது.

கோழி தன் புதரருகில் நின்றிருந்தது. மருதி தலைகுனிந்து, "நீங்கள் சொல்லியும் நானே ஊட்டிவிட்டேன், அக்கா" என்று அழுதது.

"தெரிந்தா ஊட்டினாய்? முதலில் குட்டியைப் படுக்க வை. உடம்பு எப்படிச் சில்லிட்டிருக்கிறது பார்" என்ற கோழி, தன் குஞ்சுகளை நகர்த்தி இடம் செய்து, குட்டியைச் சிறகால் மூடிக்கொண்டது.

குட்டி பிழைத்தது. ஆனால் ஒரு பின்னங்கால் கடைசிவரை சரியாகவில்லை. அது விந்தி விந்தித்தான் விளையாடியது.

மறுகோடையில் பசித்த மான் ஒன்று, தூரத்துப் பச்சையைப் பார்த்துவிட்டு ஓடையைக் கடக்க வந்தது. மருதி ஓடிப்போய் அதை மறித்தது. நடந்ததையெல்லாம் சொல்லி, தான் மேயும் சிறிய புல்வெளிக்கே அதை அழைத்து வந்தது. இருவருக்கும் அரை வயிறுதான் நிரம்பியது.

நீதி: எல்லோரும் ஒதுங்கிப்போன வளம் நமக்குக் கிடைத்தால், மகிழ்வதற்கு முன் அவர்கள் ஒதுங்கிய காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.