நிறுத்தும் பட்டனுக்கு எத்தனை மதிப்பெண்?

பொள்ளாச்சியில் ஒரு வீட்டில் ஒரு கன்ட்ரோலர் இருந்தது. வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற கருவி. அதில் குடியிருந்த பட்டன்களுக்குள் ஓயாத சண்டை.

"நான் இல்லேன்னா அவளால ஒரு பள்ளத்தைக்கூடத் தாண்ட முடியாது" என்றது தாவும் பட்டன்.

"தாண்டிப் போனா ஆச்சா? எதிரியை யார் சுடுறது?" என்றது சுடும் பட்டன்.

இரண்டுக்கும் நடுவே அரிசி அளவில் இன்னொரு பட்டன் இருந்தது. அதை அழுத்தினால் ஆட்டம் போட்டது போட்டபடி நிற்கும். அதனால் அதற்கு நிறுத்தும் பட்டன் என்று பெயர். அது வாயைத் திறந்தாலே போதும், மற்ற இரண்டும் ஒன்று சேர்ந்துகொள்ளும்.

"நீ பேசாதே. நாங்க வேலை செய்யறோம், நீ வேலையைக் கெடுக்கறே."

பட்டன்கள் சொன்ன 'அவள்' தமயந்தி. புதிதாக வரும் கேம், கன்சோல், ஹெட்செட் எல்லாவற்றையும் ஆடிப் பார்த்து, நல்லது கெட்டதைத் தமிழில் வீடியோவாகச் சொல்வது அவள் தொழில். படத்துக்கு இத்தனை, சத்தத்துக்கு இத்தனை, பட்டனுக்கு இத்தனை என்று பத்துக்கு மதிப்பெண் போடுவாள். எட்டு வருடத்தில் நிறுத்தும் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு மனத்தாங்கல் இல்லாமல் இல்லை.

இத்தனைக்கும் அது அழுத்தப்படாத நாளே இல்லை. பக்கத்து அறையில் தமயந்தியின் மாமனார் நாச்சிமுத்து பக்கவாதத்தில் படுத்திருந்தார். கணவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அவரைப் பாத்ரூமுக்குப் பிடித்துக்கொண்டு போக மருமகளை விட்டால் ஆள் இல்லை. கம்பீரமாக வாழ்ந்த மனுஷன், கூச்சத்தில் கூனிக்குறுகிப் போவார். அதனால் ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவார், அதுவும் மெதுவாக.

"அம்முணி..."

உடனே நிறுத்தும் பட்டன் அழுத்தப்படும். "இதோ வந்துட்டனுங் மாமா."

அப்படி இருக்கையில் ஒரு புது கேம் வந்து இறங்கியது. இன்னும் கடைக்கே வராத சரக்கு. வெள்ளிக்கிழமைக்குள் வீடியோ போடச் சொல்லி கம்பெனியே அனுப்பியிருந்தது. வந்ததும் வராததுமாகப் பெருமை பேச ஆரம்பித்தது.

"என்னை ஆரம்பிச்சா யாராலயும் நிறுத்த முடியாது. அதுதான் என் கெத்து."

"வீட்டுல யாராவது கூப்பிட்டா?" என்றது நிறுத்தும் பட்டன்.

"கூப்பிடறவங்க காத்திருக்கட்டும்."

முதல் நாள் மூன்று மணி நேரம் ஆடி, கடைசி அரக்கனிடம் வந்துவிட்டாள் தமயந்தி. அப்போது பக்கத்து அறையில் "அம்முணி..." என்று குரல் கேட்டது.

அழுத்தினாள். 'இந்த ஆட்டத்தை நிறுத்த முடியாது' என்று திரையில் வந்தது. மறுபடி அழுத்தினாள். பாவம், அந்தச் சின்ன பட்டனும் தன்னால் ஆனமட்டும் முட்டிப் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அவளுடைய வீரன் செத்துக் கிடந்தான்.

"அட கடவுளே, மூணு மணி நேரம் ஆடுனதெல்லாம் போச்சே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் ஓர் அறையில் பேசினால் அடுத்த அறையில் கேட்கும்.

மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆடினாள். இந்த முறை இடைஞ்சலே இல்லை. அரக்கன் விழுந்தான். தமயந்தி கத்திய கத்தலில் தாவும் பட்டனும் சுடும் பட்டனும் துள்ளிக் குதித்தன.

"பார்த்தியா? நீ இல்லாமலே முடிஞ்சுதா இல்லையா?" என்றது சுடும் பட்டன்.

நிறுத்தும் பட்டன் அதைக் காதில் வாங்கவில்லை. "நாலு மணி நேரமாச்சே, அவர் ஏன் இன்னும் கூப்பிடலை?" என்றது.

ஜெயித்த சந்தோஷத்தைச் சொல்லத் தமயந்தி மாமனாரின் அறைக்குப் போனாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். வேட்டியும் விரிப்பும் நனைந்திருந்தன.

"ஏனுங் மாமா, ஒரு குரல் கொடுத்திருக்கலாமுங்ளே?"

"நேத்து என்னாலதான தோத்துப்போன அம்முணி. இன்னைக்காச்சும் நீ ஜெயிக்கோணும்னு அடக்கிட்டுக் கெடந்தேன். முடியல."

தமயந்தி வெந்நீர் எடுத்து வந்து துடைத்தாள். வேட்டி மாற்றினாள், விரிப்பை மாற்றினாள். எல்லாம் முடிந்த பிறகு அவர் மெல்லத் திரும்பிக் கேட்டார்.

"ஜெயிச்சுட்டயா?"

அதைக் கேட்டதும் தமயந்தி உடைந்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது.

"படம் ஒம்பது, சத்தம் ஒம்பது. நிறுத்தற பட்டன், சைபருங்க" என்றாள் தமயந்தி. "உங்கள நம்பி வீட்டுல யாராச்சும் படுத்திருந்தா இந்த கேம வாங்காதீங்க. கூப்புட்டா எந்திரிச்சுப் போயிக்கலாம்னு நெனைக்காதீங்க. அவுங்க கூப்புடவே மாட்டாங்க."

"ஒரே ஒரு குறைக்கு இவ்வளவு பேச்சா!" என்று கேம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. நிறுத்தும் பட்டனின் பேர் முதல்முதலாக வீடியோவில் வந்தது, அதுவும் சைபரோடு. ஆனாலும் அதற்கு வருத்தமில்லை.

அடுத்த வாரம் வேறொரு கேம் வந்தது. இதை நிறுத்தலாம். தமயந்தி ஆடிக்கொண்டிருந்தாள். எதிரிகள் நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு நிற்கிறார்கள், வீரன் வாளை ஓங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்து நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

"ஐயோ, இப்பவா? நல்ல கட்டத்துல!" என்று அலறியது தாவும் பட்டன். "யாரு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடலை" என்றது நிறுத்தும் பட்டன்.