புளியங்கொட்டை ஓட்டு

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ராஜா இந்த ஓட்டெடுப்பையே நிறுத்திடுவார்."

ஏகாம்பரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். மேலே மடத்துக் கூரைக்கு ஓலை மாற்றிக்கொண்டிருந்தார் அவருடைய குரு சடைச்சியம்மா. சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. குரு அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

அந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் ஓட்டுத்தான். 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு பானை, தலைக்கு ஒரு புளியங்கொட்டை. ஒரு கோடையில் வெயிலைக் குறைக்கச் சொல்லிக்கூட ஓட்டுப் போட்டார்கள். தீர்மானம் அமோகமாக ஜெயித்தது. வெயில்தான் மதிக்கவில்லை.

இப்போது வைத்தியத்துக்கு ஓட்டு. நூறு பேருக்கும் குறைவாக வருகிற நோய்க்கு அரண்மனைச் செலவில் மருந்து இனியும் வேண்டுமா, வேண்டாமா? இன்னும் நாற்பது நாளில் பானை வைக்கிறார்கள்.

"என் பெண்டாட்டி தில்லைக்கு வந்திருக்கிற நோய் நாடு முழுக்கப் பதினோரு பேருக்குத்தான் இருக்கு. மருந்து நின்னா ஒரு மாசம் தாங்க மாட்டா. இதை ஊர் தீர்மானிக்கறதா? கல்லீரல் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாத கூட்டம்!"

ஏணி ஆடியது.

"கோபப்படுங்க. ஏணியை மட்டும் விட்டுடாதீங்க. என்ன நோய் அது?"

"பொழுது சாய்ஞ்சா இமையைத் தூக்க முடியாது. அப்புறம் கை விழுந்துடும். சோறு முழுங்க முடியாது. நான் பக்கத்துல உட்கார்ந்து விரலால இமையைத் தூக்கிப் பிடிச்சுக்குவேன். என் மூஞ்சியைப் பார்க்கணும்னு சொல்லுவா."

ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"மருந்து உள்ளே போச்சுன்னா, கொஞ்ச நேரத்துல எழுந்து உட்கார்ந்து என்னையே திட்டுவா."

சடைச்சியம்மா ஓலையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

"ராஜாகிட்ட சொல்றீங்களா அம்மா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"நானே 'வேண்டாம்' பானையிலதான் போடறதா இருந்தேன். பத்துப் பேருக்காக இத்தனை செலவான்னு."

ஏகாம்பரம் ஏணியை விட்டுவிட்டார். இருபது வருஷமாக இந்தக் காலடியில் உட்கார்ந்தவர்.

"இப்போ?"

"இப்போ எப்படிப் போட முடியும்?"



"நாட்டுல மொத்தம் எத்தனை ஓட்டு?" என்று கேட்டார் குரு.

"மூணு லட்சம்."

"என்னோட ஒன்னைக் கழிச்சுக்கோங்க. எனக்குச் சொன்னதை மிச்சப் பேருக்கும் சொல்லுங்க."

ஏகாம்பரம் எதிர்வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் செருப்பு மடத்து வாசலிலேயே கிடந்தது.