கொம்பையா நிரப்பிய கேலரி

மணக்காட்டூர் கல்லூரியில் ஃபுட்பால் மேட்ச் நடந்தால் கூட்டமே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும். போன செமிஃபைனலுக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் ஆம்புலன்ஸ்காரர்கள், ஒருத்தர் ரெஃப்ரியின் மச்சினன், மூன்று பேர் கேலரி நிழலில் படுத்துத் தூங்க வந்தவர்கள். மீதி மூன்றும் ஆடு.

எட்வின் சார் அந்தக் கல்லூரியின் பி.டி. மாஸ்டர். பத்தொன்பது வருஷமாக விசில் ஊதி ஊதி, இந்த வருஷம்தான் அவருடைய பையன்கள் ஃபைனலுக்கு வந்திருந்தார்கள், அதுவும் சொந்த கிரவுண்டில். ஊருக்கே மிட்டாய் கொடுக்க வேண்டிய மனுஷன், சோறு தண்ணி மறந்து அலைந்துகொண்டிருந்தார். காரணம், தாளாளர் கூப்பிட்டனுப்பிச் சொன்ன இரண்டே வார்த்தை: "பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்கு மூணு ஏக்கர் எதுக்கு? கார், பைக் நிறுத்தவாவது உதவட்டும். சனிக்கிழமை ஃபைனலுக்கு நானே வரேன். கேலரி நிறைஞ்சிருந்தா கிரவுண்டு உங்களுக்கு."

அந்தக் கவலையோடுதான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேண்டீனில் உட்கார்ந்திருந்தார். எதிரே கொம்பையா. கொம்பையா மைக் செட்டுக்காரர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், காலேஜ் மேட்ச், எதுவானாலும் அவர் குழாய்தான், அவர் தொண்டைதான். வாயைத் திறந்தால் அளக்காமல் மூடத் தெரியாது.

"கூட்டம்னா என்னன்னு தெரியுமா சார் ஒங்களுக்கு?" என்று ஆரம்பித்தார். "தொண்ணூத்தி மூணுல கீழக்காட்டுவிளை கிரவுண்டுல நான்தான் கமெண்ட்ரி. சனம்னா சனம், அப்படிச் சனம். கையத் தூக்குனவன் இறக்க எடமில்லாம நிக்கான். நம்ம கோல்கீப்பர் பந்தை ஓங்கி மேல விட்டான் பாத்துக்கிடுங்க. பந்து கீழ இறங்கணும்லா? இறங்க எடம் வேணும்லா? மேலேயே நின்னுட்டு! ரெஃப்ரி வாட்சப் பாக்காரு, வானத்தப் பாக்காரு. மூணா நாள் ஒருத்தன் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சான். அந்தச் சந்துலதான் பந்து இறங்குச்சு."

"மூணு நாளா அவன் ஒண்ணுக்கே போவலையா?" என்று கேட்டாள் கேண்டீன் நடத்துகிற பேச்சியக்கா, வடையைத் திருப்பிப் போட்டபடி.

"ஆட்டம் அப்படி, பேச்சி!"

எட்வின் சார் பெருமூச்சு விட்டார். "அந்தக் காலம் வேற அண்ணாச்சி. இப்போ இந்த வெயில்ல எவன் வந்து உட்காருவான்?"

"அதுக்குத்தான் வசதி செஞ்சு குடுக்கணும்ங்கேன். அன்னிக்கு மட்டும் வெயில் இல்லையா? கேலரி சிமெண்டுல முட்டைய ஒடச்சு ஊத்துனா ஆம்லெட்டு. நான் என்ன செஞ்சேன்? மைக்கப் புடிச்சேன். 'மேற்கே போய்க்கிட்டிருக்கிற மேகம் எங்கிருந்தாலும் உடனடியா கிரவுண்டுக்கு வரவும்'னேன். வந்துட்டு! ஸ்பீக்கர் ஒயரை எடுத்து கோல் போஸ்ட்ல கட்டிப்போட்டேன். கேலரிக்கு நெழலு, எதிர் டீமுக்கு மட்டும் மழை. ஹாஃப் டைம்ல சைடு மாத்துனாவ. நானும் மேகத்த அவுத்து அந்தப் பக்கம் கட்டுனேன்."

"எந்த ஒயரு? போன பொங்கலுக்கு எங்க தெருவுல எலி கடிச்சு பாட்டு நின்னுபோச்சே, அந்த ஒயரா?"

"அது வேற. இது அதுக்கு அண்ணன்."

பேச்சியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எட்வின் சாருக்கு இதெல்லாம் ரீல் என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் இந்த ஒரு வாரத்தில் அவருக்கு யோசனை சொல்ல வந்த ஒரே ஆள் கொம்பையாதான். அதனால், "பசங்க வீட்டுல படுத்துக்கிட்டு செல்லுல பாக்காங்க. ஒரு கோல் விழுந்தா நாலு தடவ ரீப்ளே வருது. நம்ம கிரவுண்டுல அதுக்கு எங்க போறது?" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"ரீப்ளேயா? செல்லு வர்றதுக்கு முன்னாலேயே நான் குடுத்திருக்கேன்!" கொம்பையா ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். "சனம் கேட்டுச்சு. மைக்ல சொன்னேன். இருபத்திரண்டு பேரும் அப்படியே பின்பக்கமா ஓடுனானுவ. கோல் வலையிலேருந்து பந்து வெளிய வந்து அடிச்சவன் காலுக்கே போவுது. ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர்னு ஒரே சத்தம். பின்னால ஓடி ஓடி ஹாஃப் டைம்ல ஸ்கோர் மைனஸ் ரெண்டு! சென்டர் ஃபார்வேர்டு ஒருத்தன் ரொம்பப் பின்னால போய் ப்ளஸ் டூவுக்கே போயிட்டான். அவன மறுபடி பரீட்சை எழுதவச்சுல்லா திருப்பிக் கூட்டியாந்தோம்."

"பாஸாயிட்டானா?" என்றாள் பேச்சியக்கா.

"மொத தடவைய விடக் கம்மி மார்க்கு."

எட்வின் சாருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "சரி அண்ணாச்சி, அம்புட்டு சனமும் எதுக்காகத்தான் வந்துச்சு? அத மட்டும் உண்மையாச் சொல்லுங்க."

உண்மை என்ற வார்த்தையைக் கேட்டதும் கொம்பையா கொஞ்சம் தடுமாறினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "அட்டெண்டன்ஸ் சார்! மேட்ச் பாக்க வந்தா காலேஜ்ல அட்டெண்டன்ஸ் போட்டாவ. செத்துப்போனவன்கூட எந்திரிச்சு வந்து, எழுபத்தஞ்சு சதவீதத்துக்குக் கொறையுதுன்னு நின்னான்" என்றார்.

எட்வின் சார் எழுந்து நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனார். புதன்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள்: ஃபைனல் பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டு நாள் அட்டெண்டன்ஸ், கிரவுண்டு வாசலில் கையெழுத்துப் போட வேண்டியது.

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. வாசலில் வைத்த ரெஜிஸ்டரில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு கையெழுத்து. போன வருஷம் டி.சி. வாங்கிக்கொண்டு போனவன்கூடக் கையெழுத்துப் போட்டிருந்தான். எட்வின் சாருக்கு நெஞ்சு விம்மியது. ரெஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடிப்போய் கேலரியைப் பார்த்தார். ஆறு பேர்! இத்தனை வருஷம் கல்லூரியில் குப்பை கொட்டியும் ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதை மறந்துபோனாரே மனுஷன். வகுப்புக்கு இரண்டு பேர் வந்து மொத்த வகுப்புக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆடுகளுக்கு மட்டும் ப்ராக்ஸி போட ஆளில்லாததால் அவை நேரில் வந்திருந்தன.

ஹாஃப் டைமுக்குத் தாளாளர் வந்துவிடுவார். பையன்கள் புது ஜெர்சியைப் போட்டுக்கொண்டு காலி கேலரியையே பார்த்து நின்றார்கள். எட்வின் சார் மைக் மேஜைக்கு வந்து, "அண்ணாச்சி, என் பிள்ளைங்க பாவம். நாய் படாத பாடுபட்டு இந்த ஃபைனலுக்கு வந்திருக்கானுவ. ஒருத்தனாவது கை தட்ட வேண்டாமா?" என்றார்.

கொம்பையா கேலரியைப் பார்த்தார். எட்வின் சாரைப் பார்த்தார். பிறகு நாலு குழாயையும் ஊர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு மைக்கைத் தட்டினார்.

"பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு! கிரவுண்டு நிரம்பி வழிகிறது. நிற்க இடமில்லை. மரத்திலும் இடமில்லை. தயவு செய்து இனி யாரும் வர வேண்டாம். மீறி வருகிறவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள்!"

வாங்க வாங்க என்று பத்தொன்பது வருஷம் கெஞ்சினபோது வராத ஊர், வராதே என்றதும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றவன் பஸ்ஸை விட்டுவிட்டு வந்தான். கல்யாண மண்டபத்தில் வரவேற்புக்கு வந்தவர்கள் தாம்பூலப் பையோடு வந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடின பையன்கள், தங்களை விட்டுவிட்டு உள்ளே என்னவோ நடக்கிறதென்று சுவரேறிக் குதித்தார்கள். முப்பதாவது நிமிஷம் கேலரியில் கால் வைக்க இடமில்லை. நாற்பத்தோராவது நிமிஷம் நம் பையன் ஒருத்தன் கோல் அடித்தபோது எழுந்த சத்தத்தில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. எட்வின் சார் யார் யாரையோ கட்டிப்பிடித்து அழுதார். கோப்பை கைக்கு வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது, தாளாளர் வரவேயில்லை.

திங்கட்கிழமை கேண்டீனுக்குச் சர்க்குலர் வந்தது. எட்வின் சார் சத்தமாகப் படித்தார்:

"இறுதி ஆட்டத்துக்குத் திரண்ட பெருங்கூட்டத்தினாலும், சாலையை அடைத்து நின்ற வாகனங்களாலும், தாளாளர் அவர்களின் கார் வாசலைத் தாண்ட முடியாமல் திரும்ப நேர்ந்தது. நமது கால்பந்துக்கு இத்தனை ரசிகர்கள் இருப்பது பெருமைக்குரியது. அவர்களின் வசதியை மேம்படுத்தும் பொருட்டு, அடுத்த ஆண்டு முதல் விளையாட்டு மைதானம் முழுவதும் பார்வையாளர்களின் வாகன நிறுத்துமிடமாக மாற்றப்படும்."

"அப்போ மேட்ச்ச எங்க வச்சு ஆடுவாங்க?" என்றாள் பேச்சியக்கா.

எட்வின் சார் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

"கையெழுத்த நல்லாப் பாருங்க சார், ப்ராக்ஸியா இருக்கப்போவுது" என்றாள் மறுபடியும்.

"இல்லக்கா. தாளாளரே போட்டதுதான்."

கொம்பையா அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"முப்பத்திரண்டு வருஷமா நானும் புளுகுதேன் சார். பந்தை அந்தரத்துல நிறுத்திப் பாத்துட்டேன், மேகத்தக் கட்டிப் பாத்துட்டேன். ஆனா இப்படி ஒண்ணு என் வாயில வந்ததே இல்ல."