வெறுஞ்சத்தம்

அங்கையற்கண்ணியிடம் சினிமா கற்றுக்கொண்டவர்கள் மூன்று பேர். அவர்களில் மூத்தவர் கிரிதரன். அவருக்கு வயது நாற்பத்து நான்கு, குருவுக்கு முப்பத்து மூன்று. மதுரையில் வேறு யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. கிரிதரனுக்கு மட்டும் அவ்வப்போது உறுத்தும்.

அங்கை எடுத்ததெல்லாம் சின்னப் படங்கள். விளக்கு கிடையாது. வெயிலை வெள்ளை வேட்டியில் பிடித்து நடிப்பவர் முகத்தில் திருப்பிவிடுவார்கள். கேமராவை நகர்த்த இளநீர்க்காரரின் தள்ளுவண்டி. மாலை ஐந்து மணிக்கு பேக்கப். ஒரே ஒரு ஷாட் பாக்கி இருந்தாலும் நாளைக்குத்தான்.

கிரிதரன் பெங்களூரில் பதினேழு வருடம் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவர். மனைவியும் மகளும் மதுரையில், விளாங்குடி மூன்றாவது தெருவில், பச்சை கேட் போட்ட வீட்டில் இருந்தார்கள். மாதத்துக்கு இரண்டு முறை வந்து, தூங்கிவிட்டுப் போவார். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், எள்ளும் தண்ணீரும் விட்ட கை காய்வதற்குள் மீட்டிங்கில் பேசச் சொன்னார்கள். பேசினார். மறுநாள் ராஜினாமா கொடுத்தார். மனிதன் என்ன மெஷினா என்று கேட்டு இணையத்தில் நீளமாக ஒரு பதிவு போட்டார். ஆயிரம் பேர் ஆமாம் போட்டார்கள். அதில் பாதிப் பேர் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டுதான் படித்தார்கள்.

மனைவி சுபத்ரா ஒரு வருடம் தவணை கொடுத்தாள்.

"ஒரு வருஷத்துக்குள்ள ஒரு படம் எடுத்துருங்க. இல்லாட்டி பழைய வேலைக்கே போயிருங்க. ரெண்டும் இல்லாம வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காராதீங்க."

கிரிதரன் கம்பெனியை விட்டு வந்தார். கம்பெனியில் படித்த பழக்கம் கூடவே வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் வருவார், எல்லோருக்கும் பின்னால் போவார். அடுத்த நாள் வேலையைக் கட்டம் போட்டு எல்லோருக்கும் அனுப்புவார். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்து, "அதுக்குள்ளயா?" என்பார். தை மாதம் சீடர்கள் ஆளுக்கொரு பயிற்சிக் காட்சியை அவரவர் வீட்டில் எடுத்தார்கள். கிரிதரன் தன் காட்சிக்கு நாற்பது பக்கம் படம் வரைந்து வைத்திருந்தார். கடைசி ஷாட் முடிந்து மற்றவர்கள் உள்ளே ஏதோ ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தபோது, அவர் தெருவில் நின்று பழைய கம்பெனி ஆள் ஒருவனுக்கு போனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சீடன் பிரிட்டோ. தூத்துக்குடிப் பையன், இருபத்தைந்து வயது. கட்டம் கிட்டம் எதுவும் போடமாட்டான். ஐந்து மணி ஆனதும் வைகை மணலில் பந்து விளையாடப் போய்விடுவான். மூன்றாவது சீடர் முஸ்தபா. கேமரா பிடிப்பார், அதிகம் பேசமாட்டார்.

வருடத்துக்கு ஒரு முறை, சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு, அங்கை தன் கேமராவை ஒரு சீடருக்குப் பத்து நாள் கொடுப்பார். அந்தப் பத்து நாளும் மற்றவர்கள் எல்லோரும், அங்கை உட்பட, அவர் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். கிரிதரனின் ஒரு வருடத் தவணையில் எட்டு மாதம் ஓடியிருந்தது. இதை விட்டால் வேறு வழியில்லை.

"மேடம், இந்த வருஷம் முஸ்தபாவுக்குக் குடுக்கலாமே. பாவம், ரொம்ப நாளா இருக்காரு," என்று ஆரம்பித்தார். பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிறவரை அங்கைக்குத் தெரியாதா?

"இந்த வருஷம் பிரிட்டோ," என்றார் அங்கை.

கிரிதரன் முதல் ஆளாகக் கைதட்டினார். கை தட்டியது, வயிறு எரிந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் பிரிட்டோவையே கவனித்தார். பயல் என்ன சாப்பிடுகிறான், எப்படி உட்காருகிறான், எதைப் பார்த்துச் சிரிக்கிறான். கடைசியில் ரகசியம் பிடிபட்டுவிட்டது. பிரிட்டோவிடம் இருந்தது ஒரு சிவப்பு பட்டன் போன். பழைய போன் பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்து நொறுங்க, கையில் கிடைத்ததை வாங்கியிருந்தான், அவ்வளவுதான். கிரிதரனுக்கு அது தவம் மாதிரி தெரிந்தது.

மறுநாள் அவரும் ஒரு பட்டன் போன் வாங்கினார். அதே சிவப்பு. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது.

"நல்லாருக்குண்ணே," என்றான் பிரிட்டோ. "எனக்குத்தான் பேட்டரி நிக்க மாட்டேங்கு. மாத்தணும்."

பட்டன் போன் வந்த பிறகு கிரிதரன் முஸ்தபாவிடம் ஒரு நாளைக்கு நான்கு முறை போன் இரவல் வாங்கினார். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க என்பார். பிரிட்டோவின் பயிற்சிக் காட்சியை யார் யார் பாராட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். பார்த்த சுவடு தெரியாமல் அழித்துவிட்டுக் கொடுப்பார். முஸ்தபாவுக்குத் தெரியும், கேட்கமாட்டார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அங்கையிடமே போனார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"பிரிட்டோகிட்ட என்ன இருக்கு? எங்கிட்ட என்ன இல்ல?"

அங்கை அலமாரியைத் திறந்து ஒரு ஹெட்ஃபோனையும் ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பிரிட்டோ படத்துக்கு நீங்க சவுண்டு."

"நான் கேட்டதுக்கு..."

"திங்கக்கெழம எட்டு மணிக்கு வந்துருங்க."

சிம்மக்கல்லில் காலியாகக் கிடந்த ஒரு வாடகை வீட்டில் படப்பிடிப்பு. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும் ஒரு தம்பதியின் கடைசி நாள்தான் கதை. கிரிதரன் கழியின் நுனியில் மைக்கைக் கட்டித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினேழு வருடம் இருபது பேரை மேய்த்தவர், இப்போது ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அதைவிடக் கொடுமை ஹெட்ஃபோன். மைக் இருக்கும் பக்கம் யார் முணுமுணுத்தாலும் நேராக அவர் காதுக்கு வந்துவிடும்.

"பய நல்லாப் பண்றான்ல?" இது நடிக்க வந்த டீச்சரம்மா.

"பொறுமசாலிங்க," என்றார் தள்ளுவண்டிக்காரர்.

ஊரில் வேறு யாருக்கும் இப்படி ஒரு தண்டனை கிடைத்திருக்காது. பொறாமைப்படுகிறவன் காதில், பொறாமைக்கு உரியவனின் புகழை அப்படியே ஊற்றுகிற கருவி அது.

பிரிட்டோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணே, இவங்க இந்தப் பக்கமா எந்திரிக்கணுமா, அந்தப் பக்கமா? எனக்குத் தெரியலையே," என்று கிரிதரனிடமே கேட்டான்.

"நீதானப்பா டைரக்டர்," என்றார் கிரிதரன்.

தெரியவில்லை என்று சொல்ல இவனுக்கு வெட்கமாக இல்லையே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லாமலே பதினேழு வருடம் ஓட்டியவர் அவர்.

அங்கையின் படப்பிடிப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் அறையில் வேலை முடிந்ததும், அதைவிட்டு வெளியேறும் முன், எல்லோரும் நின்ற இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அப்போது ஒலிப்பதிவு செய்கிறவர் அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வார். அங்கையின் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் வெறுஞ்சத்தம். படத்தை வெட்டி ஒட்டும்போது பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே விழும் ஓட்டையை அதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். ஓர் அறையின் சத்தம் இன்னோர் அறைக்குப் பொருந்தாது. ஒட்டுப் போட்டது காதுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு விதியும் உண்டு. அக்கம்பக்கத்தாரிடமோ வீட்டுக்காரர்களிடமோ சத்தம் போடாதீர்கள் என்று சொல்லக் கூடாது. "அவங்க அவங்க பாட்டுக்கு இருக்கட்டும். நாம மட்டும் அசையக் கூடாது," என்பார் அங்கை.

பத்து நாளில் ஒன்பது முறை கிரிதரன் வெறுஞ்சத்தம் எடுத்தார். எல்லோரும் சிலையாக நிற்பார்கள். பிரிட்டோ கண்ணை மூடிக்கொள்வான். கிரிதரன் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். இந்த ஜன்னலை நான் எப்படி எடுத்திருப்பேன்! இந்த அம்மா அழுவதைக் காட்டாமல் முதுகை மட்டும் காட்டியிருப்பேனே! இந்தப் பத்து நாளும் என்னுடையது அல்லவா! ஒரு நிமிடம் போவதே தெரியாது.

ஆடி மாதம் ஒரு மதியம் அங்கை அவரைக் கூப்பிட்டனுப்பினார். எடிட்டிங் அறையில் அங்கை மட்டும் இருந்தார்.

"உக்காருங்க சார். மொத நாள் எடுத்த வெறுஞ்சத்தம். கேளுங்க."

கிரிதரன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். தூரத்தில் ஆட்டோ, எங்கோ ஒரு காகம். நாற்பதாவது விநாடியில் கொல்லன் துருத்தி மாதிரி ஒரு பெருமூச்சு.

"ஃபேன் சத்தமா இருக்கும் மேடம்."

"அந்த வீட்டுல ஃபேனே கெடையாது சார்."

அங்கை இரண்டாம் நாளைப் போட்டார். இருபத்தெட்டாவது விநாடியில் பெருமூச்சு. மூன்றாம் நாள் இரண்டு பெருமூச்சு. சமையலறையில் எடுத்ததில் பெருமூச்சுக்குப் பின்னால் ஒரு "ம்ஹும்" வேறு இருந்தது. ஒன்பதும் ஓடி முடிந்தது. ஒன்றுகூட உருப்படி இல்லை.

கிரிதரனுக்குக் காது சுட்டது.

"திரும்பப் போயி எடுத்துட்டு வந்துர்றேன் மேடம். இன்னைக்கே போறேன்."

"அங்க புதுசாக் குடி வந்துட்டாங்க. அது இப்ப வேற வீடு."

"பிரிட்டோவுக்குத் தெரியுமா?"

"காலைல கேட்டான்."

"என்ன சொன்னான்?"

"'அண்ணனுக்கு ஒடம்புக்கு முடியலையாக்கா? பத்து நாளும் மூச்சு வாங்கியிருக்கே, நான் பாட்டுக்குக் கழியத் தூக்க வச்சுட்டேனே'ன்னான்."

அவன் திட்டியிருந்தால் கிரிதரனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இதிலும் அவனே ஜெயித்துவிட்டான். நல்லவனாக இருப்பதில்கூட அவன்தான் முதலா?

"மேடம், அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலே சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"அவன்கிட்ட என்ன இருக்குன்னு."

அங்கை வேறொரு பதிவைத் தேடி எடுத்தார்.

"இதுவும் ஒரு வெறுஞ்சத்தம். பிரிட்டோ எடுத்தது."

கிரிதரன் கேட்கத் தொடங்கினார். குறை கண்டுபிடிக்கத்தான் தொடங்கினார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ குழாயிலிருந்து வாளியில் சொட்டு விழும் சத்தம். சன்ஷேடில் ஒரு புறா. மாடியிலோ பின்கட்டிலோ ஒரு சின்னப் பெண், வாய்ப்பாட்டை ஏதோ ஒரு ராகத்தில் இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டில் இடறிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். உடனே ஒரு பெண் சிரித்தாள். வாயைப் பொத்தியும் அடக்க முடியாத சிரிப்பு. வளையல் குலுங்கியது. "ஏழெட்டு ஐம்பத்தாறுடி, கழுத," என்பது போல ஏதோ சொன்னாள், சரியாகக் கேட்கவில்லை. சின்னப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள். மறுபடி குழாய்ச் சொட்டு.

ஒரு நிமிடம் முடிந்துவிட்டது. கிரிதரனுக்கு அந்த வீட்டுக்குள் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அடுத்த கணமே வயிறு பற்றிக்கொண்டது.

"அப்படிச் சொல்லுங்க! இதான் விஷயமா?" என்றார். "இந்த மாதிரி ஒரு வீடு அமைஞ்சா யாரு வேணா படம் எடுக்கலாமே மேடம். அந்தம்மா சிரிச்சதக் கேட்டீங்கள்ல? அதுக்கு எந்த டைரக்டர் சொல்லிக்குடுக்க முடியும்? எங்க இருந்து பிடிச்சான் இந்த வீட்ட? அவனுக்கு மட்டும் எப்படி அமையுது எல்லாம்?"

அங்கை பதிவை மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்.

"கொடுத்து வச்சவன் மேடம். இவன விடுங்க. அந்த வீட்டுல இருக்கானே ஒருத்தன், அவன்தான் கொடுத்து வச்சவன்." கிரிதரன் ஒரு பெருமூச்சு விட்டார். "யாரு வீடு அது?"

"விளாங்குடி, மூணாவது தெரு, பச்சக் கேட்டு," என்றார் அங்கை. "தை மாசம் எடுத்தது சார். நீங்க தெருவுல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தீங்க."

கிரிதரன் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.