கொற்றி சுமந்து வந்த குடம்

ஆறுகளுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்காத காலம். வெண்கோ என்று ஓர் அரசன் இருந்தான். அவனுக்குக் கீழே மூன்று சிற்றரசுகள்: மலைநாடு, காட்டுநாடு, கடல்நாடு. கேட்பவர்களே, இது அவர்கள் கொடுத்த வாக்கின் கதை.

தை பிறந்ததும் மூன்று தலைவர்களும் தலைநகருக்கு வரவேண்டும். அவரவர் ஏரியில் மொண்ட நீரைச் சுமந்து வரவேண்டும். அரசன் முன் மண்டியிட்டு, “இந்த நீர் உன் நீர், இந்த நிலம் உன் நிலம், இந்த வாள் உன் வாள்” என்று சொல்லவேண்டும். அரசன் ஒரு மிடறு குடித்து, “உன் தாகம் என் தாகம்” என்பான். மிடறு தொண்டையில் இறங்கினால்தான் வாக்கு செல்லும். இறங்காவிட்டால் நாடு கைமாறும்.

அந்த ஆண்டு கடல்நாட்டுக்குப் புதுத் தலைவி. பெயர் கொற்றி. தந்தை இறந்த பிறகு முதல்முறையாக வருகிறாள். தலையில் குடத்தோடு ஏழு நாள் நடந்து கோட்டை வாசலை அடைந்தாள்.

வாசலில் ஒரு கிணறு. மலைநாட்டுக் கீரனும் காட்டுநாட்டு எயினனும் அதில் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“என்னம்மா, ஊரிலிருந்தா சுமந்து வருகிறாய்?” என்றான் கீரன். “அப்பா சொல்லவில்லையா? அவரும் இங்கேதான் மொள்வார்.”

“உன் ஏரி உப்பாயிற்றே,” என்றான் எயினன். “அரசன் துப்பினால் நாடு போச்சு. கொட்டிவிட்டு இதை நிரப்பு.”

கொற்றி கிணற்றைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். “இந்தக் கிணற்றுக்கு நான் தலைவி இல்லையே அண்ணா,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அரசன் மலைநாட்டு நீரைக் குடித்தான். இனித்தது. காட்டுநாட்டு நீரைக் குடித்தான். இனித்தது. கடல்நாட்டு நீரை வாயில் விட்டான். துப்பினான்.

சபை பதறியது. அரசனின் முகம் சிவந்தது. “அவர்கள் நீர் ஒரே தாயின் பாலைப் போல இருக்கிறது. உன்னுடையது மட்டும் ஏன் இப்படி?”

“மூன்று மண், மூன்று நீர். அதில் இரண்டு மட்டும் ஒரே ருசியாக இருந்தால் அதைத்தான் கேட்கவேண்டும், அரசே.”

கீரன் தரையைப் பார்த்தான். எயினன் கூரையைப் பார்த்தான். அரசன் இருவரையும் பார்த்தான். பிறகு வாசல் கிணற்று நீரைக் கொண்டுவரச் சொன்னான். குடித்தான். அதே இனிப்பு.

“இத்தனை வருஷமாக என் வீட்டு நீரையே எனக்குக் கொடுத்தீர்களா?” என்றான். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கொற்றியிடம் திரும்பினான். “உன் ஏரி ஏன் உப்பு?”

“உங்கள் தாமரைக் குளத்துக்காக ஆற்றை மறித்திருக்கிறீர்கள். எங்கள் ஏரிக்கு ஆறு வருவதில்லை. கடல் வருகிறது.”

அரசன் இருக்கையை விட்டு இறங்கி வந்தான். அவளுடைய குடத்தை மறுபடி எடுத்தான். முகம் கோணியது, கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் விழுங்கினான். “உன் தாகம் என் தாகம்,” என்றான்.

அன்று மாலைக்குள் ஆற்றை மறித்திருந்த மதகு திறந்தது. கொற்றி கரையோடு ஊர் திரும்பினாள். ஆறு அவளை முந்திக்கொண்டு போயிற்று.

கீரனும் எயினனும் சொந்த நீரை மொண்டுவர வெறுங்குடத்தோடு அவரவர் ஏரிக்கு நடந்தார்கள். மலைப்பாதை செங்குத்து. வழியெல்லாம் கீரன் முனகியது மலைக்கே கேட்டதாம்.

இனிக்கும் பொய்யைவிட, உவர்த்தாலும் உள்ளதைக் கொண்டுவந்து வைப்பதே உண்மையான விசுவாசம்.