பிள்ளை அழுத சுருதி

இயேசு பிறந்த கதையை நாசரேத்துக்காரர் ஒருவர் ராக் இசை நாடகமாக்கினார் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். இது தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத். அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டுக் கேட்டுத் திரவியத்துக்குக் காது மரத்துப்போயிருந்தது.

அவர் ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, வீட்டில் எலக்ட்ரிக் கித்தார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, "ஏதும் விசேஷம் உண்டா?" என்று கேட்பதை ஊரே விட்டுவிட்ட பிறகு, அவருக்கும் சுகிர்தாவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆண்டவருக்கு ஒரு பொருத்தனை பண்ணினார். வயதான காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னதை நம்பாத சகரியா ஆலயத்தில் வாயடைத்து நின்றதிலிருந்து தொழுவத்தில் பிள்ளை பிறந்தது வரைக்கும் பாட்டுப் பாட்டாகச் செய்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் சபைக்குப் போட்டுக் காட்டுவதாக.

அவருக்கு இசை சொல்லிக்கொடுத்தவர் கெசியா மாஸ்டர். அவரைவிடப் பத்து வயது சின்னவர். டிரம்ஸ் வாசிப்பார், பாடகர் குழுவை நடத்துவார், பேச்சில் மட்டும் கஞ்சத்தனம். குரு சீடரை "அண்ணாச்சி" என்பார். சீடர் குருவை "மாஸ்டர்" என்பார். ஊரில் யாருக்கும் இதில் ஒரு விசித்திரமும் தெரியவில்லை.

பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏரோது ராஜாவின் பாட்டில் பேஸ் கித்தார் உறுமினால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்திரக்காரன் இடமில்லை என்று சொல்லிச் சமாளிக்கும் பாட்டைக் கேட்டு, சபைக்கு ராக் எதற்கு என்று எதிர்ப்பாகவே வந்து உட்கார்ந்திருந்த சபை மூப்பர் ஒருவர் சிரித்துவிட்டார்.

கடைசிப் பாட்டுத்தான் மிச்சம். பிள்ளை பிறக்கிற பாட்டு. அதற்காகத்தானே இத்தனையும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பதிவு செய்த பாட்டுகளைச் சபைக்கு முன்னால் போட வேண்டும். சனிக்கிழமை காலையில், சபை மண்டபத்தை ஒட்டிய ஒலிப்பதிவு அறையில், திரவியம் மாஸ்டருக்கு எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கடைசிப் பாட்டைக் கேட்டீங்களா மாஸ்டர்?"

"கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

"தப்பே இல்ல அண்ணாச்சி."

மாஸ்டர் திட்டினால் பாட்டைத் திருத்திவிடலாம். தப்பே இல்லை என்று சொன்னால் அதற்கு மேல் ஒன்றும் செய்ய வழியில்லை.

"தப்பு இல்லன்னா ஏன் சந்தோஷம் வரமாட்டேங்குது? பிள்ளை பிறந்துட்டு. வானம் நிறைய தூதர்கள். டிரம்பெட் இருக்கு, மூணு கித்தார் இருக்கு, கொயர் இருக்கு. கேட்டா கல்யாண மண்டபத்துல மைக் டெஸ்ட் பண்ணுத மாதிரி இருக்கு. ஏன் மாஸ்டர்?"

மாஸ்டர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"சுகிர்தா வந்திருக்காங்களா?"

"வெளிய இருக்கா. பாப்பாவ தூங்க வைக்கா."

"கூப்பிடுங்க."

"அவளுக்கு இந்தப் பாட்டை இன்னும் போட்டுக் காட்டல. நாளைக்குச் சபையோட சபையா கேக்கட்டும்னு…"

"கூப்பிடுங்க அண்ணாச்சி."

சுகிர்தா தோளில் குழந்தையோடு வந்தாள். மாஸ்டர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டார்.

திரவியம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்று ஒரு குழந்தையின் அழுகை வரும். அது அவர்களுடைய குழந்தையின் அழுகை. பிறந்த அன்று நர்ஸ் வெளியே தூக்கிக்கொண்டு வந்தபோது போனில் பதிவு செய்தது. அந்த இடத்தில் சுகிர்தா அழுதுவிடுவாள் என்று அவர் மாசக்கணக்காகக் காத்திருந்தார்.

அந்த இடம் வந்தது, போனது. சுகிர்தாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினாள்.

"நல்லாருக்குங்க. டிரம்பெட் ரொம்ப அருமை."

திரவியம் தலையாட்டினார்.

"நடுவுல ஒரு பிள்ளை அழுவுதே, அது யாரு பிள்ளை?"

"சுகி, அது நம்ம பாப்பா. ஆஸ்பத்திரியில போன்ல எடுத்தேன்லா, அதுதான்."

"நம்ம பாப்பாவா?" சுகிர்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா விளையாடாதீங்க. இவ அழுதா தெருமுனையில இருந்தே எனக்குத் தெரியும். அது இவ இல்ல."

திரவியத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. மாஸ்டர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் கொட்டினார்.

"பாப்பா அழுகை சுருதி சேரல மாஸ்டர். அது ஏறி நீளுத இடம் கீபோர்டுல ரெண்டு கட்டைக்கும் நடுவுல போய் நிக்குது. பாட்டோட வச்சா காதுல குத்துது. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தூக்கிச் சுருதில வச்சேன். அப்புறம் குரல் நடுங்குச்சு, அதைச் சரி பண்ணினேன். மூச்சு வாங்குதது கேட்டுச்சு, அதை எடுத்தேன். அப்பவும் கொயருக்கு மேல துருத்திட்டு நின்னுச்சு, சத்தத்தைக் குறைச்சேன். எல்லாம் இவ்வளவு சுத்தமா இருக்குதப்ப அது மட்டும் ஒட்டல. நான் வேற என்ன பண்ண?"

"பழசு இருக்கா?"

"போன்ல இருக்கு."

"குடுங்க."

மாஸ்டர் போனை வாங்கிப் போட்டார். முதலில் லிப்ட் கதவு சாத்துகிற சத்தம். யாரோ ஒருத்தியின் செருப்புச் சத்தம். "பொம்பளப் பிள்ளை, ஐயா" என்று ஒரு குரல். பிறகு அந்த அழுகை. கரகரவென்று, நடுங்கிக்கொண்டு, மூச்சு முட்டி, ஊரையே கூட்டுகிற மாதிரி.

சுகிர்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தோளில் கிடந்த குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாஸ்டர் எழுந்து திரவியத்தின் கித்தாரை எடுத்தார். அழுகையை மறுபடி போட்டார். ஒரு தந்தியைச் சுண்டினார். சேரவில்லை. தந்தியின் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மறுபடி சுண்டினார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். தந்தியும் அழுகையும் ஒன்றாக நிற்கிற வரைக்கும் விடவில்லை. மற்ற தந்திகளை அதற்குச் சேர்த்துவிட்டுக் கித்தாரைத் திரவியத்தின் கையில் கொடுத்தார்.

திரவியம் கித்தாரைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார்.

"மாஸ்டர், இப்படின்னா எல்லாத்தையும் திரும்ப எடுக்கணுமே."

"ஆமா."

"எல்லாத்தையுமா?"

"பிள்ளை அழுகையத் தவிர எல்லாத்தையும்."

"நாளைக்குச் சாயங்காலம் போடணும் மாஸ்டர். இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. வரலன்னா?"

மாஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டார். திரவியம் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். மாசக்கணக்கில் ராவும் பகலும் சேர்த்தது எல்லாம் அதில் வரிவரியாகக் கிடந்தது. முதலில் தன் கித்தாரை அழித்தார். பிறகு மற்றவற்றை.

மண்டபத்தில் பாடகர் குழு டீயும் வடையுமாக இருந்தது. நாளைய நிகழ்ச்சிக்கு மேடையில் நிற்கிற வரிசை பார்த்துக்கொள்ள வந்தவர்கள். மாஸ்டர் நேராகக் கீபோர்டு ஜோயலிடம் போனார்.

"ஜோயல், சுருதியை மாத்து."

"எந்தக் கட்டைக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் போனைப் போட்டுக் காட்டினார். "இந்தப் பிள்ளைக்கு."

ஜோயல் சிரித்தான். மாஸ்டர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டுக் கீபோர்டைத் திருத்த ஆரம்பித்தான். பேஸ் கித்தார்க்காரர் தந்தியைத் தளர்த்தினார். டிரம்பெட்காரர் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். பாடகர் குழுவிலிருந்து ஒரு அம்மாள் முணுமுணுத்தாள்.

"ஆர்மோனியத்துலயே இல்லாத சுரத்துல எப்படி மாஸ்டர் பாட?"

"பிள்ளையக் கேட்டுட்டுப் பாடுங்க."

முன்பு ஒவ்வொருவராகத் தனி அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடியவர்கள். இப்போது எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் போன், அதற்கு ஒரு மைக். முதல் தடவை பாட்டு கந்தல். இரண்டாவது தடவை ஆண் குரல்கள் பழைய சுருதிக்கே ஓடிப்போயின. மாஸ்டர் குச்சியைத் தட்டி மறுபடி ஆரம்பித்தார்.

பிறகு வந்தது.

வாத்தியங்கள் எல்லாம் நின்றன. அழுகை தனியாக எழுந்தது. எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது ஏறி நீண்ட இடத்தில், அதே சுரத்தில், முணுமுணுத்த அந்த அம்மாள்தான் முதலில் "வந்தார்" என்று எடுத்தாள். அவளோடு இன்னொருத்தி. பிறகு குழு முழுக்க. டிரம்பெட் அதன் மேலே ஏறியது. மாஸ்டர் டிரம்ஸில் இறங்கிய இறக்கத்தில் தரை அதிர்ந்தது. திரவியத்தின் கித்தார் அழுகைக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனது. சுகிர்தா தன் வாழ்நாளில் பாடகர் குழு பக்கம் போனதில்லை. அவளும் வாய்விட்டுப் பாடினாள்.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஜன்னலுக்கு வந்துவிட்டார். பாட்டு முடிந்தபோது மண்டபத்தில் அழாதவர் ஒருவர்தான். அவள் அம்மா தோளிலிருந்து தலையைத் தூக்கி எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஜோயல் பதிவைப் போட்டுக் காட்டினான். திரவியம் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். துடைத்தாலும் அவர் பாட்டமைத்தவர் அல்லவா, உடனே அடுத்த கவலை வந்துவிட்டது.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"மத்த பாட்டெல்லாம் பழைய சுருதியிலதான் கிடக்கு. இது மட்டும் எதோடயும் சேராம நிக்குமே. கேக்குதவங்களுக்குத் திடீர்னு எல்லாம் மாறிட்ட மாதிரி இருக்காதா?"

மாஸ்டர் டிரம்ஸ் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"பாப்பா பிறந்தப்புறம் உங்க வீட்டுல எது அண்ணாச்சி பழையபடி இருந்துச்சு?"